இலவசமாகக் கழற்றித் தருகிறேன் என்றால் காரணம் இருக்கிறது, தம்பி

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ரிக்கோன் (வெளிநாட்டில் ஓடியதை இறக்குமதி செய்து சீர்படுத்தி விற்கும் காடி) டொயோத்தா 86, 2014 மாடல், ஆட்டோ கியர், மீட்டரில் 98,000 கிலோமீட்டர். எக்சாஸ்ட் மாற்ற ஆசை, கூடவே கியர் எண்ணெயையும் மாற்றிவிடலாம் என்று போயிருக்கிறார். பட்டறைக்காரர், "மெஷின் போட்டு மொத்தமா ஃபிளஷ் பண்ணிடலாம், கேட்டலிட்டிக்கையும் எடுத்துடலாம், அதுக்குக் கூலி வேண்டாம்" என்றாராம். செய்யலாமா அண்ணே என்று கேட்கிறார்.

எண்ணெயை மாற்றுங்கள். ஃபிளஷ், அதாவது மெஷினால் பழைய எண்ணெயை ஒரேயடியாகத் தள்ளி வெளியேற்றுவது, வேண்டாம். கேட்டலிட்டிக்கை, அதாவது எக்சாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் டப்பாவை, தொடவே விடாதீர்கள்.

கூலி வேண்டாம் என்று ஏன் சொன்னார் தெரியுமா? அந்த டப்பாவுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் இதற்கென்றே பட்டறை பட்டறையாக வந்து கைக்காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். உங்கள் காடியில் கழற்றினதை உங்கள் கையில் கொடுக்காமல் மூலையில் போட்டுவிட்டு, "அது குப்பை, விடுங்க" என்பார்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படிக் கொடுத்துவிட்டு, எஞ்சின் லைட் அணையவில்லை என்று மூன்று மாதம் அலைந்தார், கடைசியில் புதிது வாங்க விலை கேட்டபோதுதான் எதைத் தூக்கிக் கொடுத்தோம் என்று புரிந்தது. லைட் எரியத்தான் செய்யும். கேட்டலிட்டிக்குக்குப் பின்னால் ஒரு சென்சார் இருக்கிறது, புகை சுத்தமாகவில்லை என்றால் காடியின் கணினியில் பி0420 என்ற பிழைக் குறியீடு பதிவாகிவிடும். அப்புறம் அந்த சென்சாரை ஏமாற்ற இன்னொரு துண்டு விற்பார்கள். ஜாலான் ஈப்போ நெரிசலில் நிற்கும்போது உங்கள் புகை உங்களுக்கே மூக்கில் ஏறும்.

உங்களுக்கு வேண்டியது கேட்-பேக் மட்டும், அதாவது கேட்டலிட்டிக்குக்குப் பின்னால் வரும் குழாயும் சைலன்சரும். சத்தம் மாறும், எடை கொஞ்சம் குறையும், சக்தி கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டர்போ இல்லாத 200 குதிரைத்திறன் எஞ்சினில் கேட்-பேக் தருவது காலில் தெரியாத அளவுதான். 4,000 சுற்றுக்குப் பக்கத்தில் இந்தக் காடி கொஞ்சம் சோர்ந்து போகுமே, அதைச் சரி செய்ய ஹெடரும் (எஞ்சினில் இருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) ஈசியூ டியூனிங்கும் (எஞ்சின் கணினியை மாற்றி அமைப்பது) வேண்டும், கேட்-பேக் போட்டால் போய்விடும் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். கழற்றின பழைய குழாயை வீட்டில் பத்திரமாக வையுங்கள், காடியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு பி5 என்ற வாகனப் பரிசோதனை இருக்கிறது.

எக்சாஸ்ட் சத்தத்துக்குச் சம்மன் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரலாம். 1987-இலேயே வாகனச் சத்தத்துக்குச் சட்டம் போட்டாயிற்று, ஜே.பி.ஜே.யும் (சாலைப் போக்குவரத்து இலாகா) சுற்றுச்சூழல் இலாகாவும் சாலையில் மீட்டரோடு நிற்கிறார்கள். ஆனால் அதே குழாயைக் கடை வாசலில் தொங்கவிட்டுப் பகிரங்கமாக விற்கிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, வாங்கி மாட்டினவன்தான் ஓரமாக நிறுத்தப்படுகிறான். எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

சரி, எண்ணெய். உங்கள் கியர்பாக்ஸுக்கு டொயோத்தா டபிள்யூஎஸ் என்ற ஆட்டோ கியர் எண்ணெய், அதற்குச் சமமென்று டப்பாவில் தெளிவாக எழுதியிருந்தால் வேறு நல்ல கம்பெனியும் சரிதான். இது நீர்க்க இருக்கும் எண்ணெய். பழைய டெக்ஸ்ரான் 3 இதைவிடக் கெட்டி, "எல்லாம் சிவப்புதானே" என்று அதை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபிளஷ் மெஷினை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான், உள்ளே எந்த டிரம் எண்ணெய் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்களே டப்பா வாங்கிப் போங்கள், மூடி உடையாமல் இருக்கிறதா பாருங்கள், கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அடியில் நட்டைக் கழற்றி இறக்கினால் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால் இறக்கி ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒரு தடவை, முடிந்தால் மூன்றாவது தடவை. இந்தக் கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் கிடையாது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் வழியும் துளையில் அளவு பார்க்க வேண்டும். "சூடு எவ்வளவு, எதில் பார்ப்பீங்க?" என்று போமனை, அதாவது பட்டறை மெக்கானிக்கைக் கேளுங்கள். ஸ்கேனரைக் காட்டாமல் சிரித்தால் வேறு இடம் போங்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் எண்ணெயை மாற்றாதீர்கள். ரிக்கோன் காடி, மீட்டர் சொல்வதை நான் நம்பமாட்டேன், அதனால் முதலில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் பரவாயில்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, கெந்திங் மலை ஏற்றத்தில் எஞ்சின் சுற்று ஏறியும் காடி நகராமல் வழுக்கினால், உள்ளே கிளட்ச் தகடு தேய்ந்துவிட்டது, புது எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. ஊற்றிய பிறகு மோசமானால் பழி எண்ணெய் மேல் விழும், உடனே ஒரு புரோக்கர் ஹாஃப்-கட் (வெட்டி இறக்குமதி செய்த பழைய காடி) கியர்பாக்ஸோடு வந்து நிற்பார். நிறம் மட்டும் கறுப்பு, வாடையும் இல்லை வழுக்கலும் இல்லை என்றால் பயப்படாமல் மாற்றலாம். வாடையும் வழுக்கலும் சேர்ந்து இருந்தால்தான் நிறுத்தச் சொல்கிறேன். அப்படி இருந்தால் எக்சாஸ்ட்டுக்கு எடுத்து வைத்த காசைத் தொடாதீர்கள், கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆளிடம் முதலில் காட்டுங்கள்.