சில்க் போர்டு உவமை ஏன் எடுபடவில்லை?

அன்புள்ள சார்,

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்கள் புராடக்டின் புரோகிராம் கோடு (code) பத்து வருடப் பழசு. ஓரிடத்தில் கை வைத்தால் வேறெங்கோ உடைகிறது. சீர்செய்ய இரண்டு மாதம் வேண்டும் என்று மீட்டிங்கில் கேட்டேன். "நம்ம கோடு சில்க் போர்டு ஜங்ஷன் மாதிரி ஆகிவிட்டது" என்றேன் (டிராஃபிக் நெரிசலுக்குப் பேர்போன பெங்களூர்ச் சந்திப்பு அது). எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் (சகலேஷ்புரக்காரர், நல்ல மனிதர்தான்) இன்னும் பலமாகச் சிரித்தார். அப்புறம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஆபீசில் உவமையெல்லாம் வேலைக்கு ஆகாது, எக்செல் ஷீட்டைக் காட்டு என்கிறான் நண்பன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இரா., பொம்மனஹள்ளி

அன்புள்ள இரா.,

உங்கள் உவமை வேலை செய்திருக்கிறது, ஆனால் உங்களுக்கு எதிராக. சில்க் போர்டு பற்றி பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிந்தது என்ன? திட்டிக்கொண்டே தினமும் கடக்க வேண்டும். எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம். தனி ஆளாக யாரும் எதுவும் செய்துவிட முடியாது. பொறுத்துக்கொள் என்கிற முடிவு அந்தப் பெயரோடேயே வருகிறது. மேனேஜர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

கேட்பவரை இணங்க வைக்கிற உவமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, வரி வாங்கும் முறை பற்றிப் பாண்டிய மன்னன் அறிவுடைநம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் சொன்னது. புறநானூறு 184ஆம் பாட்டு. (2019 பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் இதை மேற்கோள் காட்டினார். வரி போடுகிறவர் வாயாலேயே கேட்டதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்தது.) நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், ஒரு 'மா' (பழைய நில அளவு) அளவுக்கும் குறைவான நிலத்து விளைச்சல்கூட யானைக்குப் பல நாள் வரும். அதே யானை தானே இறங்கித் தின்றால் நூறு வயல் இருந்தாலும் 'வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்': வாய்க்குள் போவதைவிடக் கால் மிதித்து அழிப்பதே அதிகம்.

மக்கள் பாவம் என்று அவர் கெஞ்சவில்லை. வரியே வாங்காதே என்றும் சொல்லவில்லை. முறையாக வாங்கினால் கோடி சேரும், இல்லாவிட்டால் அரசன் 'தானும் உண்ணான் உலகமும் கெடுமே' என்கிறார். யானைப்படை வைத்திருக்கிறவனுக்கு யானைத் தீனியின் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாயையும் காலையும் பிரித்துக் காட்டினாரே, அங்கேதான் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். மிச்சக் கணக்கை அரசனே போட்டுக்கொள்வான்.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒருவர் உண்டு, வார்டு கன்னிங்ஹாம். 1992இல் எழுதினார். அவருடைய குழு செய்துகொண்டிருந்தது முதலீட்டுக் கணக்குகளுக்கான மென்பொருள். எழுதிய கோடை எதற்குத் திருப்பி எழுத வேண்டும் என்று மேலதிகாரிக்குப் புரியவைக்க, கடன் என்றார். சீக்கிரம் அடைத்தால் நல்லது, அடைக்காவிட்டால் வட்டி ஏறும். பணத்திலேயே புழங்குகிறவருக்கு அது போதும். இன்று 'டெக்னிக்கல் டெட்' (தொழில்நுட்பக் கடன்) என்று எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. சர்ஜாபூர் ரோட்டில் வீட்டுக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டிருப்பவரிடம் கடன் என்றால், "லோன் இல்லாத ஆள் யார் சார்?" என்பார்.

நண்பர் சொன்ன எக்செல் ஷீட்டும் வேண்டும்தான். ஆனால் அறுபது வரி ஷீட்டைத் திறந்து காட்டினால் எதைப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியாது. அதை உவமைதான் சொல்லித்தரும். கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளை (ஒவ்வொரு வேலைக்கும் போட்ட பதிவுகளை) இரண்டாகப் பிரியுங்கள். புது வசதிகளுக்குப் போன நாட்கள் ஒரு பக்கம், அவை உடைத்ததைச் சரிசெய்யப் போன நாட்கள் இன்னொரு பக்கம். வாய், கால்.

மேனேஜரிடம் புறநானூறெல்லாம் வேண்டாம். சகலேஷ்புரம் பக்கம் காப்பித் தோட்டத்திலும் வயலிலும் யானை இறங்குவது அடிக்கடி நடக்கிற சங்கதி. "உங்க ஊர்ல யானை வயல்ல இறங்கினா தின்னது அதிகமா, மிதிச்சது அதிகமா சார்?" என்று கேட்டுவிட்டு ஷீட்டைத் திறங்கள். கால் பக்கம் நிஜமாகவே பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மாதம் கேட்டதே தப்பு, எந்த உவமையும் காப்பாற்றாது.

இன்னொன்று. பிசிராந்தையார் அரசனையே யானை என்றார். உங்களுக்கு அப்ரைசல் இருக்கிறது, உங்கள் வேலைக்கு மார்க் போடுகிறவர் அவர். யானை என்று நான் சொல்வது அவசர அவசரமாக விடுகிற ரிலீஸை (புதுப் பதிப்பை) என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.