மீதித் தொகையை அனுப்பிவிடாதீர்கள்
வணக்கம். நீங்கள் 1,800 டாலருக்கு விற்க முன்வந்த பியானோவுக்கு 3,950 டாலர் கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பொறுப்பில் வழங்கும் காசோலை) வந்ததாகவும், மீதி 2,150 டாலரைப் பியானோவை ஏற்றிச் செல்பவருக்கு உடனே அனுப்பும்படி வாங்குபவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

கணக்கில் பணம் தெரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள். பலரும் ஏமாறுவது அந்த இடத்தில்தான். வங்கிக் கவுன்டரில் நேரில் செலுத்தப்படும் கேஷியர்ஸ் செக்கின் பணத்தைப் பொதுவாக அடுத்த வேலை நாளிலேயே எடுக்க விட வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. ஆனால் அது போலி என்று தெரிந்து திரும்பி வரச் சில வாரங்கள்கூட ஆகலாம், அப்போது வங்கி முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளும், நீங்கள் அனுப்பிய 2,150 டாலரும் உங்கள் சொந்தப் பணமாகவே போயிருக்கும்.

செக்கில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டாம். அது மோசடிக்காரரின் எண்ணாகவே இருக்கலாம், எடுத்துப் பேசுபவர் "செக் சரியானதுதான்" என்று பணிவாக உறுதி சொல்வார். செக்கில் பெயர் உள்ள வங்கியின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, செக் எண், தேதி, தொகை மூன்றையும் சொல்லி, அவர்கள் வழங்கியதுதானா என்று கேளுங்கள். போலி என்றால் உங்கள் வங்கியிடம் உடனே தெரிவித்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷனிலும், செக் தபாலில் வந்திருந்தால் அமெரிக்க அஞ்சல் புலனாய்வுப் பிரிவிலும் புகார் கொடுங்கள். வந்த உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள அஞ்சல் முத்திரை விசாரணைக்கு உதவும்.