கனவுக் காடி வாங்கியவர்கள் கேட்கிறார்கள்: கேள்வி-பதில்

கேள்வி: தோட்டத்தில் வளர்ந்தவன். பிஎம்டபிள்யூ ஓட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. 2006ஆம் ஆண்டு 525i மாடல் ஒன்றைத் தனிநபரிடம் 18,000 வெள்ளிக்கு வாங்கினேன். மூன்றாம் மாதமே மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் சூடாகி நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் போய்விட்டதாம். ஆயிலும் ஒழுகுகிறது. சரி செய்வதா, விற்பதா?
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: தம்பி, முதலில் எஞ்சின் ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாடலில் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் போகும். எச்சரிக்கை விளக்கு வந்த உடனே நிறுத்தியிருந்தால் பம்பையும் தெர்மோஸ்டட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு ஓட்டலாம். வீடுவரை போய்விடலாம் என்று மிதித்திருந்தால் செலவு பல மடங்கு.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அலுமினியம். ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். உங்கள் ஃபோர்மேனிடம் "புது போல்ட் வாங்கியாச்சா?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் காடியை இழுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போங்கள். பழைய காடிகளை வெட்டிப் பாகம் பாகமாக விற்கிற ஹாஃப்-கட் கடையில் கதவு வாங்கலாம், விளக்கு வாங்கலாம். பழைய பம்ப் வாங்கவே கூடாது. ஆயில் ஒழுகல் பெரும்பாலும் வால்வு கவர் கேஸ்கெட்டாக இருக்கும். இத்தனை வருட வெயிலுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் அந்த ரப்பர் அப்பளமாய் நொறுங்கும்.

காடியின் விலை வருடா வருடம் இறங்கும், உதிரிபாகத்தின் விலை இறங்காது. வாங்குகிற அன்று இதை யாரும் சொல்வதில்லை. ரோட் டெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் 2,497 சிசிக்கு 877 வெள்ளி, 1.3 மைவிக்கு 70. சம்பளத்தில் மாதம் 400 வெள்ளியைக் காடிக்கென்றே ஒதுக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. முடியாதென்றால் பழுதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். வாங்க வருகிறவனும் உங்களைப் போல ஒரு தோட்டத்துப் பையனாக இருப்பான்.

கேள்வி: பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தின் சோதனையில் பாஸ் ஆன காடி. ஒரே மாதத்தில் கியர்பாக்ஸ் போனது எப்படி?

பதில்: எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் சரியா, காடி அடையாளம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பது அவர்கள் வேலையில்லை.

கேள்வி: நண்பரின் ஆவ்டியை 'சம்போங் பாயார்' முறையில் எடுத்து, அவர் பேரில் உள்ள கடனுக்கு நான் மாதத் தவணை கட்டி வருகிறேன். கணக்கு முடிந்ததும் காடி என் பேருக்கு வந்துவிடும் இல்லையா?

பதில்: வராது. கடன் முடியும்வரை காடி பேங்குக்குச் சொந்தம், பேங்கின் சம்மதம் இல்லாமல் கைமாற்றுவது குற்றம். நாளைக்கே இழுத்துக்கொண்டு போனாலும் நீங்கள் கேட்க முடியாது.

கேள்வி: 30 வருடம் ரப்பர் பால் வெட்டினேன் ஐயா. இபிஎஃப் பணத்தில் மகனுக்கு ஈப்போ வியாபாரி ஒருவரிடம் பழைய மெர்சிடிஸ் வாங்கிக் கொடுத்தேன், 22,000 வெள்ளி. மீட்டரில் 90,000 கிலோமீட்டர். பழைய சர்வீஸ் பதிவில் 210,000 என்று இருக்கிறது. இப்போது கியர் விழுவதில்லை. கேட்டால், ரசீதில் 'உள்ளது உள்ளபடி, திரும்பப் பெற முடியாது' என்ற முத்திரையைக் காட்டுகிறார்.
– லிந்தாங் பக்கத்து அம்மா

பதில்: அம்மா, அந்த முத்திரைக்குப் பயப்படாதீர்கள். வருடக்கணக்காக என்னைக் கொதிக்க வைப்பது இந்த முத்திரைதான். எனக்கு ஒரு பழைய வால்வோவை விற்றவரும் இதைத்தான் நீட்டினார்; ஏர்கோன் கம்ப்ரெசருக்கு நான்தான் அழுதேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். வியாபாரி விற்கிற பொருள் அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆவது பிரிவு. அந்த உரிமையை ரசீதில் எழுதி அழிக்க முடியாது என்கிறது 6ஆவது பிரிவு. பழைய காடி புதுக் காடி மாதிரி ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மீட்டரைத் திருப்பி விற்பது வயதால் வந்த பழுதா? அது பொய். அதற்குத் தனியாக, பொய்யான வர்த்தக விவரிப்பு என்று உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள்.

பணத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளிவரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. அதுவே உங்களுக்குப் பலம். மன்றத்தின் முதல் பாரத்தை (Borang 1) மகனை நிரப்பச் சொல்லுங்கள். ரசீது, சர்வீஸ் பதிவு, விளம்பரத்தின் படம், வியாபாரி அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். தேய்ந்து வழவழப்பாகிப் போன பிரேக் பெடல் ரப்பரையும் கிட்டப் போய்ப் படம் எடுங்கள். 90,000 ஓடிய காடியில் பெடல் அப்படித் தேயாது.

முதலில் சொன்ன தம்பிக்கு இந்த வழி இல்லை. தனிநபரிடம் வாங்கினால் இந்த மன்றம் விசாரிக்காது.

கேள்வி: படத்தைப் பார்த்தே 2,000 வெள்ளி புக்கிங் கட்டிவிட்டேன், நேரில் போய்ப் பார்க்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய காடி என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காடியைக் கண்ணால் பார்க்காமல் இரண்டாயிரம் கட்டுவதா? மீன் வாங்கினால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே! இன்றைக்கே போங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடி முனையில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்குங்கள், ஸ்பேர் டயர் குழியில் கையை விட்டுத் தடவுங்கள், சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். அறிகுறி இருந்தால் படம் எடுத்து, புக்கிங்கைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.