கேப்ஸ் லொக் எரியுதா?

கேள்வி: பழைய கொம்பியூட்டரில் ஃப்ரீபிஎஸ்டி (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்) 10.1 ஓடுது. டெஸ்க்டொப்பை விட்டு வெளியே வந்தால் திரை கறுத்து, மொனிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்குது. மொனிட்டர் பழுதா? (வாசகர், பரந்தன்)

பதில்: மொனிட்டரில கை வைக்காதேங்கோ, தம்பி. இதே கூத்துக்கு நானும் வயரைக் குற்றம் சொல்லி, மாங்குளத்தில கடையைப் பூட்டிப்போட்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினவன். வாங்கின வயர் இன்னும் ஆணியில தொங்குது.

திரை கறுத்ததும் கேப்ஸ் லொக்கை அமத்துங்கோ. விளக்கு எரிந்து அணைந்தால் மெசின் உயிரோடதான் இருக்கு, படம் மட்டும்தான் இல்லை. வயரைப் பிடுங்காமல் பவர் பொத்தானை ஒருக்கால் தட்டினால் மெசின் பெரும்பாலும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்.

புதிய வீடியோ டிரைவர்கள் கேர்னலுக்குள் (இயங்குதளத்தின் நடுக்கருவுக்குள்) இருந்தே திரையைப் பிடிக்கின்றன. ‘சிஸ்கொன்ஸ்’ என்ற பழைய எழுத்துத்திரைக்கு அதைத் திருப்பி வாங்கத் தெரியாது, ‘வி-டி’ என்ற புதிய எழுத்துத்திரைக்குத் தெரியும். 11.0இல் அதுதான் வழமை, 10.1இல நீங்கள்தான் கேட்கவேணும். பூட் ஃபோல்டரில் உள்ள லோடர்.கொன்ஃப் கோப்பில் ‘கேர்ன்.விடிவை=விடி’ (kern.vty=vt) என்று ஒரு வரி (ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான்!) சேர்த்து ரீபூட் பண்ணுங்கோ. 10 வரிசைக்கு 2018இலேயே ஆதரவு நின்றுபோச்சு; நேரம் கிடைத்தால் புதுசுக்கு மாறுங்கோ.