1934 வான்கூவர்: உங்கள் நாயகன் நிவாரணப் பணம் வாங்கியிருப்பானா?

வணக்கம். கனடாவின் வான்கூவர் நகரில், பெரும் பொருளாதார மந்த காலமான 1934-ல், வேலை இல்லாத, கல்யாணமாகாத இளைஞன் ஒருவன் நகராட்சி நிவாரணப் பணத்தில் அறை வாடகை கட்டுவதாகவும், குதிரை பூட்டிய கார் ஒன்று வருவதாகவும் கதையில் எழுதியிருக்கிறேன், சரியா என்று கேட்டிருந்தீர்கள். நிவாரணப் பணம் வரும் இடத்தை மாற்றிவிடுங்கள். நிவாரணம் பெரும்பாலும் குடும்பஸ்தர்களுக்குத்தான். சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு வந்த தனி ஆளிடம், 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்று கையை விரித்துவிடுவார்கள்.

அவன் போயிருக்கக்கூடிய இடம், வேலையில்லாத தனி ஆண்களுக்கான நிவாரண முகாம். கனடாவின் அன்றைய பிரதமர் பென்னட்டின் அரசு அதை 1932-ல் தொடங்கியது. நடத்தியது பாதுகாப்புத் துறை. ஊரை விட்டு வெகுதூரத்தில் மரம் வெட்டுவது, சாலை போடுவது என்று வேலை. தங்க இடம், சாப்பாடு, உடுப்பு, அப்புறம் நாளுக்கு 20 சென்ட். சோறு கிடைத்தது. ஆனால் அந்தக் காசில் ஒரு பெண்ணைக் கட்டவோ, வீடு பிடிக்கவோ வழியில்லை. இருபது வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய வலி! அதை எழுதுங்கள்.

முடிந்தால் கதையை 1935-க்கு நகர்த்துங்கள். ஏப்ரலில் முகாம்களை விட்டு வெளியேறி வான்கூவரில் திரண்டவர்கள், ஜூன் மாதம் சரக்கு ரயில்களின் கூரையில் ஏறி, நியாயமான கூலியோடு வேலை கேட்டு தலைநகர் ஒட்டாவாவுக்குக் கிளம்பினார்கள். வழியில், சஸ்காச்சுவான் மாகாணத்து ரெஜைனா நகரில் அரசு மறித்தது. 8 பிரதிநிதிகள் மட்டும் போய் பென்னட்டைப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பினார்கள். ஜூலை 1 மாலை, ரெஜைனாவின் சந்தைத் திடல் கூட்டத்தில் போலீஸ் புகுந்து பெருங்கலவரம்.

குதிரை பூட்டிய கார் காட்சி இருக்கட்டும். பெட்ரோலுக்குக் காசில்லாத விவசாயிகள் உண்மையாகவே அப்படி ஓட்டினார்கள். பிரதமர் பெயரை வைத்து 'பென்னட் பக்கி' (பக்கி என்றால் குதிரை வண்டி) என்று அதற்குப் பெயர். ஆனால் அது கோதுமைச் சமவெளிக் காட்சி. ரயில் சஸ்காச்சுவானைக் கடக்கும்போது கூரையிலிருந்து அவன் பார்ப்பதாக வையுங்கள்.