டிபிஎஃப் எடுத்த பிக்கப் வண்டி: எஃப்.சி.க்கு முன் எதை முதலில் செய்ய வேண்டும்?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். சொந்தமாக ஒரு பிஎஸ்-6 டீசல் பிக்கப் வைத்து, நானே ஓட்டி, துறைமுகத்திலிருந்து மீன் லோடு அடிக்கிறேன். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிந்து, வண்டி இழுக்காமல் போனதால் புதுச்சேரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டிபிஎஃப்பை எடுத்துவிட்டு ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்தால், அதாவது அதன் சாஃப்ட்வேரை மாற்றினால், இழுவையும் மைலேஜும் கூடும், ஆர்டிஓவில் எந்தப் பிரச்சினையும் வராது என்றார்கள். ரூ.45,000 வாங்கிக்கொண்டு, பில்லில் ‘இன்ஜின் ஜெனரல் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தே மாதத்தில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது. சாஃப்ட்வேர் மாற்றப்பட்டிருப்பதாகச் சொல்லி, கம்பெனி சர்வீஸில் வாரண்டி தர மறுக்கிறார்கள். அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றுக்கான சோதனை) வருகிறது. ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போட முடியுமா? போட்டால் நானே மாட்டிக்கொள்வேனா? இன்ஷூரன்ஸ் செல்லுமா?

பதில்: வழக்குப் போட முடியும். ஆனால் அதற்கு முன் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கும் முன், இப்போதுள்ள நிலையைச் சாட்சியமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒன்று எஃப்.சி.யில் சிக்குவீர்கள், அல்லது நுகர்வோர் ஆணையத்தில் காட்ட எதுவும் இல்லாமல் நிற்பீர்கள்.

முதலில் உங்கள் பொறுப்பைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உரிமையாளரைத்தான் தடுக்கிறது. ‘சி.சி. மாறவில்லை, ஆர்சியில் இருப்பது அப்படியே இருக்கிறது, ரீமேப் வெறும் சாஃப்ட்வேர்தானே’ என்று ஒர்க்‌ஷாப்களில் சொல்லப்படும் வாதத்தை நம்பி இறங்க வேண்டாம். உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு முரணான மாற்றத்தை அனுமதிக்க முடியாது என்று கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2019இல் சேர்க்கப்பட்ட 182ஏ(4) உட்பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். டிபிஎஃப்பை எடுத்தது ஒன்று, ரீமேப் இன்னொன்று என இரண்டாகவே கணக்கிடப்பட வாய்ப்புண்டு.

உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது 190(2) உட்பிரிவைப் பற்றித்தான். காற்று மாசு தொடர்பான தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதோடு மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியையும் இழக்க நேரிடும். சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு, அபராதத்தைவிட அந்த மூன்று மாதம்தான் பெரிய இழப்பு.

எஃப்.சி.யில் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிபிஎஃப்பை எடுப்பவர்கள் பெரும்பாலும் அதன் இரும்புக் கூட்டை அறுத்து, உள்ளே தேன்கூடு போல் இருக்கும் பீங்கான் வடிகட்டியை அகற்றிவிட்டு, வெறும் கூட்டை மறுபடி வெல்டிங் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தால் அந்த வெல்டிங் கோடு கண்ணில் படும். அது தப்பினாலும் புகைச் சோதனை இருக்கிறது: சைலன்சருக்குள் குழாயைச் செருகி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லும்போது, வடிகட்டி இல்லாத, கூடுதல் டீசல் பாயும் இன்ஜினிலிருந்து வரும் கரும்புகை மீட்டரில் ஏறிவிடும். எஃப்.சி.க்கு மட்டும் மாற்றிவிட்டு, பிறகு பழையபடி ஓட்டலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். சாலையில் நடக்கும் எந்தச் சோதனையிலும் அதே பிரிவுகள் பொருந்தும். ஆர்சி கடலூரில் இருந்தாலும் புதுச்சேரி எல்லைக்குள் நிலைமை வேறல்ல, இது மத்தியச் சட்டம்.

இனி சாட்சியம். எதையும் கழற்றுவதற்கு முன், கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் அறிக்கையையும், வாரண்டி மறுப்பதற்கான காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து எதுவும் செய்ய முடியாது. வாரண்டி புத்தகத்தில் உள்ள நிபந்தனைகளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாதென்றாலும், டர்போவைப் பொறுத்தவரை அந்த மறுப்பு நிற்கும் என்றே கருதுகிறேன். வெல்டிங் கோட்டையும் ஓடோமீட்டரையும் தேதியுடன் படமெடுங்கள். பழுதான டர்போவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் ரீமேப்பால் கூடிய அழுத்தமும் வெப்பமும்தான் அதைக் கெடுத்தன என்பதை ஒரு பொறியாளரின் கருத்தோடு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். பில் பெயரளவில் இருப்பதால், ஒர்க்‌ஷாப்போடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் பணம் அனுப்பிய யுபிஐ பதிவுமே உங்கள் முக்கிய ஆவணங்கள்.

எடுத்த வடிகட்டி எங்கே போயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. அதன் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அதை விற்றால் காசு. எனவே பல இடங்களில் அதை உரிமையாளருக்குத் திருப்பித் தருவதே இல்லை. அது உங்கள் பொருள். ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும் நோட்டீஸில் அதையோ அதன் மதிப்பையோ தனியாகக் கேளுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டமான கடலூரிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ‘வணிக வண்டி, இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்று, கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம் உங்களுக்குத் துணை நிற்கும். சம்பளத்துக்கு ஓட்டுநர்களை வைத்துப் பல வண்டிகள் ஓட்டுபவராக இருந்தால் இந்தப் பதிலை நான் எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான வேலையைத் தெரிந்தே செய்யச் சொன்னவருக்கு அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கித் தர ஆணையம் தயங்கும். ஆகவே, வேலை சரியில்லை என்பதைவிட, ‘ஆர்டிஓவில் பிரச்சினை வராது’ என்று தொழில் தெரிந்தவர்கள் தவறாகச் சொல்லி உங்களை நம்ப வைத்தார்கள் என்பதே புகாரின் அடிப்படையாக அமைய வேண்டும். புகாரில் மாற்றத்தை ஒப்புக்கொள்ள நேரும் என்பதையும், அதனால் 182ஏ(4) நடவடிக்கைக்கான வாய்ப்பு முற்றிலும் நீங்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீங்களாகவே வண்டியைச் சரிசெய்து, அசல் உதிரிபாகம் போட்ட பில்லுடன் நிற்பது, பிடிபட்ட பிறகு விளக்கம் சொல்வதைவிடப் பெரிதும் நல்லது. தொடக்கத்தில் எரிந்த அந்த விளக்குக்கு முறையான வழியும் இருந்தது: குறுந்தூர ஓட்டத்தில் கரி எரியாமல் அடைத்துக்கொண்டால், சர்வீஸ் சென்டரில் கட்டாய ரீஜெனரேஷன் (கரியை எரித்து நீக்குதல்) செய்து வடிகட்டியைச் சுத்தப்படுத்தலாம்.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கக்கூடிய காரணங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்டவை. இன்ஜின் மாற்றம் அவற்றில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம்தான் நிராகரிக்கப்படலாம். மாற்றம் இருக்கும் நிலையில் அதை மறைத்துப் பாலிசியைப் புதுப்பித்தால், முக்கியத் தகவலை மறைத்ததாகச் சொல்லி மூன்றாம் நபர் பொறுப்பிலிருந்தும் விலக நிறுவனம் முயலும். எனவே புதுப்பிக்கும் தேதி எஃப்.சி.க்கு முன்பாக வந்தால், அந்தத் தேதிக்குள் வண்டியைச் சரிசெய்து முடியுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால், கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை, மேற்சொன்ன ஆவணங்களின் நகல்களுடன் அணுகுங்கள்.