மொரிசியஸில் வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி) பேசுகிறவர்கள் தமிழ் நாடகத்தில் எப்படி நடிக்கிறார்கள்? நாங்கள் எழுதிய நாடகத்தை அங்கே அனுப்பலாமா?

வசனத்தை மனப்பாடம் செய்வது பெரிய விஷயமே இல்லை. இங்கே மொரிசியஸில் கோயிலில் தேவாரம் பாடுகிற பையனிடம் பொருள் கேட்டால் முழிப்பான், ஆனால் ராகம் பிசகாது. கேட்டுப் பிடிக்கிற பழக்கம் எங்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும். தொடக்கப் பள்ளியில் தமிழ் எடுத்தவர்கள் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு ரோமன் எழுத்தில், பிரெஞ்சு உச்சரிப்புப்படி எழுதிக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்புவோம்.

சிக்கல் மேடையில்தான். ஒருவர் ஒரு வரியை விட்டுவிட்டால், சொந்தமாக இரண்டு வார்த்தை போட்டு ஒப்பேற்ற எதிரே நிற்பவருக்கு வராது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது அந்த வரியின் கடைசிச் சொல்லுக்கு. அது வராவிட்டால் இருவரும் சிலைதான். கொட்டகையின் பின்வரிசையிலிருந்து 'கோஸ் ப்லி ஃபோர்' என்று குரல் வரும், சத்தமாகப் பேசச் சொல்லி. பேச வசனம் வேண்டுமே!

அதனால் எங்கள் குழுவில் தமிழ் சரளமாக வருகிறவருக்கு ராஜா வேடம் கொடுப்பதில்லை. வேலைக்காரன், தரகர், கோமாளி என்று எந்தக் காட்சியிலும் நுழையக்கூடிய வேடம்தான். யாராவது தடுமாறினால் அவர் உள்ளே வந்து, "ஐயா, பெண்ணோட அப்பாவைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே" என்று எடுத்துக் கொடுப்பார். ஜனங்கள் சிரிப்பார்கள், நாடகம் தப்பித்துவிடும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் ஏறக்குறைய இதுதானே.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆரம்ப ஒத்திகைகளில் முழு நாடகத்தையும் கிரியோலில் நடித்துவிடுவோம். எங்கே கோபம், எங்கே நக்கல் என்று உடம்புக்குப் பிடிபட்ட பிறகுதான் தமிழ் வசனம். பெரியவர்கள் சிலர் இதற்கு முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பொருள் தெரியாமல் பேசினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

நேரம் கிடைப்பதுதான் அடுத்த தலைவலி. எல்லோருமே வேலை முடிந்து வருகிற தன்னார்வலர்கள். ஹோட்டலில் ஷிப்ட் பார்ப்பவர் ஒருநாள் வருவார், மறுநாள் வரமாட்டார். இருட்டிய பிறகு கிராமத்துக்குப் பேருந்து கிடைப்பது கஷ்டம் என்பதால், கார் வைத்திருப்பவர் எந்த வேடம் கேட்டாலும் மறுக்க முடியாது! ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசக் காவடி விரதம் வந்துவிடும், புயல் காலமும் அதுவே. எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் பேருந்தே ஓடாது, ஒத்திகையாவது ஒன்றாவது. நாங்கள் காவடி முடிந்த பிறகே தொடங்குகிறோம். கலை அமைச்சு பல மொழிகளில் நடத்தும் தேசிய நாடக விழாவில் தமிழுக்கும் இடம் உண்டு. ஆனால் கோயில் மண்டபத்தில் போடுவதுதான் எனக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் நாற்காலிதான், பரவாயில்லை, பாட்டிமார் வருவார்கள்.

சரி, நாடகம் அனுப்பலாமா? தாராளமாக. ஆனால் ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு பக்க வசனம் பேசுகிற மாதிரி எழுதாதீர்கள். மதுரை, கோவை வழக்கை வைத்துச் செய்யும் கிண்டல் இங்கே யாருக்கும் புரியாது. வரிகள் சின்னதாக இருக்கட்டும், பாத்திரங்கள் நிறைய இருக்கட்டும். முக்கியமாக, எல்லாக் காட்சியிலும் தலைகாட்டக்கூடிய ஒரு வேலைக்காரனை எழுதிவிடுங்கள்.